அன்றாட ஆங்கிலச் சொற்களும் தொடர்களும்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

வேலை பார்த்துக்கொண்டே ஆங்கிலம் கற்கிறவர்களுக்குச் சில வருடங்களாகச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். ஆள் மாறுகிறார்களே தவிர கேள்வி மாறுவதில்லை. ஒரே பதிலை வாய் வலிக்கச் சொல்வதற்குப் பதிலாக ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்றுதான் இது. கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன். ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்தில்தான் எழுதியிருக்கிறேன், அதில் ஒரு சிக்கல் இருக்கிறது, அதையும் ஒரு கேள்வியில் சொல்லியிருக்கிறேன்.

எனக்கு இங்கிலீஷ் சுத்தமா தெரியாது. எங்கிருந்து ஆரம்பிக்கிறது?

சுத்தமாகத் தெரியாது என்பதை நான் நம்பமாட்டேன். டைம், லேட், லீவு, ஆபீஸ், சார்ஜ், சிக்னல், ரிப்பேர், கேன்சல், அட்ரஸ், சைலன்ட் என்று நேற்று ஒரு நாளில் மட்டும் நீங்கள் எத்தனை ஆங்கிலச் சொற்களைப் பேசினீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். சில நூறு சொற்கள் ஏற்கெனவே கையில் இருக்கின்றன. அவற்றில் சில ஏமாற்றும், அதைப் பிறகு பார்ப்போம்.

அடுத்து, ஏ முதல் இசட் வரை வரிசையாகப் போகும் பட்டியல்களை ஓரமாக வையுங்கள். ஒரு தாளை எடுத்து, நேற்று நீங்கள் உண்மையிலேயே பேசிய பத்து வாக்கியங்களைத் தமிழில் எழுதுங்கள். "இரு, வரேன்", "சாவி எங்க வச்சேன்னு தெரியல", "அவர் இன்னும் வரலையா?" இந்த மாதிரி. இந்தப் பத்தையும் ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வார்கள் என்று தெரிந்துகொள்வதுதான் முதல் பாடம். ஒட்டகத்துக்கு ஆங்கிலத்தில் என்ன என்பது உங்களுக்கு இந்த வருடம் தேவைப்படாமலே போகலாம், "வச்சேன்னு தெரியல" நாளைக்கே தேவைப்படும்.

மொத்தம் எத்தனை வார்த்தை தெரிஞ்சா போதும்?

எதற்குப் போதும் என்பதைப் பொறுத்தது. எந்த மொழியிலும் சில சொற்கள் ஓயாமல் வரும், மற்றவை எப்போதாவது தலைகாட்டும். 1961-இல் வெளியான அமெரிக்க எழுத்துகளிலிருந்து பத்து லட்சம் சொற்களைத் தொகுத்து எண்ணியபோது 'தி' என்ற ஒரே சொல் கிட்டத்தட்ட 7 சதவீத இடத்தைப் பிடித்திருந்தது. மைக்கேல் வெஸ்ட் என்ற ஆங்கில ஆசிரியர் 1953-இல் ஏறத்தாழ 2,000 தலைச்சொற்கள் கொண்ட பட்டியலை வெளியிட்டார். அந்த அளவு தெரிந்தால் சாதாரணமாக எழுதப்பட்ட ஒன்றில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு சொற்கள் தெரிந்தவையாக இருக்கும்.

மீதி ஒரு பங்குதான் படுத்தும், ஏனென்றால் விஷயம் பெரும்பாலும் அதில்தான் இருக்கும். சொல்வள ஆய்வில் பெயர் பெற்ற பால் நேஷன் 2006-இல் போட்ட கணக்குப்படி, பேச்சை எவர் துணையும் இல்லாமல் புரிந்துகொள்ள ஆறேழாயிரம் சொற்குடும்பங்களும், நாவலோ நாளிதழோ தடங்கலின்றிப் படிக்க எட்டு ஒன்பதாயிரமும் வேண்டும். சொற்குடும்பம் என்றால் ஹெல்ப், ஹெல்ப்ஃபுல், ஹெல்ப்லெஸ், ஹெல்பர் எல்லாம் சேர்ந்து ஒன்று. பயந்துவிடாதீர்கள், இது புரிந்துகொள்வதற்கான கணக்கு. உங்கள் பக்கத்தைப் பேசி முடிக்க முதல் இரண்டாயிரமே தாராளம், அந்த இரண்டாயிரத்தையும் சரளமாகப் புழங்கத் தெரிந்திருந்தால்.

ஒரு நாளைக்கு ஐம்பது வார்த்தை படிக்கலாமா?

படிக்கலாம். மறுநாள் காலையில் எத்தனை மிஞ்சியிருக்கிறது என்றும் எண்ணிப் பாருங்கள். ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று அளந்து 1885-இல் வெளியிட்டார். பெரும் சரிவு முதல் ஒரு மணி நேரத்திலும் முதல் நாளிலும்தான். அதற்கு மருந்து, மறக்கப் போகிற நேரத்தில் மறுபடி பார்ப்பது. இன்று படித்தது நாளை, பிறகு மூன்று நாள் கழித்து, பிறகு ஒரு வாரம், ஒரு மாதம் என்று இடைவெளியை நீட்டிக்கொண்டே போக வேண்டும்.

செபாஸ்டியன் லைட்னர் என்பவர் 1970-களின் தொடக்கத்தில் இதற்கு ஒரு பெட்டி முறை சொன்னார். அட்டைகளில் சொற்களை எழுதி, சரியாகச் சொன்னால் அடுத்த பெட்டிக்கு, தவறினால் மறுபடி முதல் பெட்டிக்கு. முதல் பெட்டியைத் தினமும் திறக்க வேண்டும், கடைசிப் பெட்டியை எப்போதாவது. இதையே கைப்பேசியில் செய்ய ஆன்கி போன்ற செயலிகள் இருக்கின்றன. நாளைக்கு ஏழு புதுச் சொல் போதும். வருடத்தில் 65 நாள் சோம்பேறித்தனத்துக்கு ஒதுக்கிவிட்டால்கூட 2,100 ஆகிறது.

வார்த்தைக்கு நேரா தமிழ் அர்த்தம் எழுதி மனப்பாடம் பண்றேன். ஆனா பேசும்போது தப்பா வருதே, ஏன்?

என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் மாட்டிக்கொள்கிற இடம் இதுதான். 'புட் = போடு' என்று நோட்டில் எழுதியிருக்கிறீர்கள். இப்போது நாம் எதையெல்லாம் போடுகிறோம் என்று பாருங்கள். லைட்டைப் போடுகிறோம், சட்டை போடுகிறோம், கையெழுத்துப் போடுகிறோம், சண்டை போடுகிறோம், திட்டம் போடுகிறோம், பூட்டுப் போடுகிறோம், குப்பையைத் தூக்கிப் போடுகிறோம், ஓட்டுப் போடுகிறோம். ஆங்கிலத்தில் இவை டர்ன் ஆன், புட் ஆன், சைன், ஃபைட், மேக் எ பிளான், லாக், த்ரோ அவே, வோட். எட்டில் ஒன்றில்தான் புட் வந்தது, அதுவும் ஆன் துணையோடு. விளக்கைப் போடவும் 'புட் த லைட் ஆன்' என்று சொல்வதுண்டு, ஆனால் ஆன் இல்லாமல் 'புட் த லைட்' என்று நிறுத்தினால் எங்கே வைப்பது என்றுதான் கேட்பவர் விழிப்பார்.

'கேள்' இன்னும் மோசம். காதில் தானாக விழுவது ஹியர், காது கொடுத்துக் கேட்பது லிசன், கேள்வி கேட்பது ஆஸ்க். மூன்றுக்கும் நாம் ஒரே வினையை வைத்துக்கொண்டு ஆயிரக்கணக்கான வருடமாகக் குழப்பமில்லாமல் வாழ்ந்துவிட்டோம், அவர்களுக்கு அப்படி இல்லை. 'பார்' என்பதும் அப்படித்தான்: கண்ணில் படுவது சீ, திரும்பிப் பார்ப்பது லுக், நடப்பதைக் கவனித்துக்கொண்டிருப்பது வாட்ச். 'சொல்' என்றால் சே, டெல் இரண்டும் உண்டு. டெல் பின்னால் ஆள் உடனே வந்து நிற்பார், 'டெல் மீ', 'ஐ டோல்ட் ஹிம்'. சே பின்னால் அப்படி வரமாட்டார். அதனால்தான் 'ஹி செட் மீ' காதில் இடிக்கிறது.

எதிர்ப்பக்கமும் உண்டு. 'வீ' என்று அவர்கள் ஒரே சொல்லில் முடிப்பதை நாம் நாம், நாங்கள் என்று பிரித்திருக்கிறோம். ஆக இரண்டு மொழிகளும் உலகத்தை ஒரே கோட்டில் வெட்டவில்லை. சொல்லுக்குச் சொல் ஒட்டினால் துணி ஒரு பக்கம் தொங்கும், இன்னொரு பக்கம் பற்றாது.

அப்போ நோட்டுல எப்படித்தான் எழுதுறது?

சொல்லை அதன் கூட்டாளியோடு எழுதுங்கள். டிசிஷன் = முடிவு என்று எழுதாமல், 'மேக் எ டிசிஷன்' என்று எழுதுங்கள். மிஸ்டேக்குக்கும் மேக்தான், ஹோம்வொர்க்குக்கு டூ, ஃபோட்டோவுக்கு டேக். மழை ஹெவி, காற்று ஸ்ட்ராங். ஏன் ஹெவி விண்ட் இல்லை என்று கேட்காதீர்கள். நாமும் அடைமழை என்கிறோம், அடைக்காற்று என்பதில்லை, யாரும் காரணம் கேட்டதும் இல்லை.

அதன் கீழே உங்கள் சொந்த வாழ்க்கையிலிருந்து ஒரு வாக்கியம். 'ஐ ஹேவ் டு மேக் எ டிசிஷன் பை ஃப்ரைடே' என்று, உண்மையிலேயே வெள்ளிக்கிழமைக்குள் நீங்கள் எடுக்க வேண்டிய ஏதாவது முடிவைப் பற்றியதாக இருந்தால் இன்னும் நல்லது. பொய் வாக்கியம் சீக்கிரம் மறக்கும்.

உச்சரிப்பைத் தமிழ்லயே எழுதி வச்சுக்கலாமா?

கூடாது என்பேன், அதைச் சொல்லிக்கொண்டே இந்தப் பக்கம் முழுக்க அதைத்தான் செய்கிறேன், மன்னிக்கவும். 'பேக்' என்று எழுதினால் அது கையில் தூக்கும் பையா, முதுகா, மூட்டை கட்டுவதா, அடுப்பில் சுட்டெடுப்பதா? ஆங்கிலத்தில் நான்கும் வெவ்வேறு ஒலி. நம் ப, ட, க ஒவ்வொன்றும் இரண்டு ஒலிகளைச் சுமக்கின்றன. தமிழ்ச் சொற்களில் இடத்தைப் பார்த்து எந்த ஒலி என்று நமக்கே தெரிந்துவிடும், இரவல் சொல்லில் அந்த உதவி கிடையாது. ஆகவே இங்கே நான் எழுதியிருப்பதை அடையாளமாக மட்டும் எடுத்துக்கொண்டு, ஒலியை அகராதியின் ஒலிப்பானில் கேளுங்கள். கைப்பேசியில் எல்லா நல்ல அகராதிகளிலும் அந்தச் சின்ன ஒலிபெருக்கிப் படம் இருக்கும்.

எழுத்தைப் பார்த்துப் படிப்பதும் ஆபத்துதான். கடனுக்கான ஆங்கிலச் சொல்லில் ஒரு 'பி' எழுத்து இருக்கிறது, ஆனால் ஒலி வெறும் டெட். பிரெஞ்சிலிருந்து வந்தபோது அந்த எழுத்து அதில் இல்லை, லத்தீன் மூலத்தைக் காட்ட வேண்டும் என்று படித்தவர்கள் பிற்காலத்தில் செருகியது. ரசீதுக்கான சொல்லில் உள்ள 'பி'யும் இதே வகைதான், வாயில் வருவது ரிசீட். (செத்துப்போனதற்கும் டெட் என்றுதான் தமிழில் எழுதியாக வேண்டும் என்பதைக் கவனித்தீர்களா? இதைத்தான் சொன்னேன்.)

இன்னொன்று, ஸ் என்று தொடங்கும் சொல்லுக்கு முன்னால் இ சேர்த்து இஸ்கூல் என்பதும், மெய்யில் முடியும் சொல்லுக்கு உ சேர்த்து பஸ்ஸு, புக்கு என்பதும் நம் நாக்கின் பழக்கம். தமிழில் பேசும்போது அது அழகு. ஆங்கிலத்தில் பேசும்போது சொல்லின் கடைசியில் வாயை மூடிவிடப் பழகுங்கள், அந்த ஒரு திருத்தத்திலேயே பேச்சு பாதி தெளிந்துவிடும்.

எந்த டிக்ஷனரி வாங்கணும்? தமிழ் அர்த்தம் போட்டதா, இங்கிலீஷ்லயே இருக்கிறதா?

பொருள்களின் பெயருக்குத் தமிழ் அகராதி போதும். ஏணிக்கு ஏணி என்று ஒரு சொல்லில் முடிகிற வேலையை நீட்ட வேண்டாம். வினைச்சொல்லுக்கும் பண்புச்சொல்லுக்கும் மட்டும், கற்பவர்களுக்கென்றே எழுதப்பட்ட ஆங்கில அகராதிக்குப் போங்கள். லாங்மேன் 1978-இல் கொண்டுவந்த கற்போர் அகராதி, எல்லா விளக்கங்களையும் சுமார் 2,000 எளிய சொற்களுக்குள்ளேயே எழுதியது. 1987-இல் வந்த கோபில்ட், பொருளையே முழு வாக்கியமாகச் சொல்லத் தொடங்கியது. இந்த வகை அகராதிகள் இப்போது இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. விளக்கத்தைவிட அதன் கீழே இருக்கும் எடுத்துக்காட்டு வாக்கியங்களைப் படியுங்கள், நோட்டில் எழுத வேண்டிய கூட்டாளிச் சொற்கள் அங்கேதான் இருக்கும்.

இங்கிலீஷ்லயே யோசிக்கணும்னு எல்லாரும் சொல்றாங்க. எனக்குத் தமிழ்லதான் யோசனை வருது, என்ன செய்ய?

தமிழில் யோசிப்பது தப்பில்லை, பிறந்ததிலிருந்து அப்படித்தானே. யோசித்ததைச் சொல் சொல்லாக மாற்றுவதுதான் வம்பு. 'போயிட்டு வரேன்' என்பதை 'ஐ வில் கோ அண்ட் கம்' என்றால், எங்கேயோ போய்விட்டு உடனே திரும்பி வரப் போகிறீர்கள் என்று எதிரே இருப்பவர் காத்திருப்பார். அந்த இடத்தில் அவர்கள் சொல்வது 'ஸீ யூ'. 'இன்னைக்குத்தான் வந்தேன்' என்பதில் தான் கடைசியில் ஒட்டிக்கொண்டிருப்பதால் 'டுடே ஒன்லி ஐ கேம்' என்று வந்துவிடுகிறது. 'ஐ ஜஸ்ட் காட் ஹியர் டுடே' என்றால் சரியாகிவிடும். 'தான்' வருகிற இடமெல்லாம் ஒன்லி அல்ல. பல இடங்களில் ஜஸ்ட், சில இடங்களில் குரலை அழுத்துவதே போதும்.

எனவே முழு வாக்கியத்தையும் ஒரு கட்டியாக எடுத்துக்கொண்டு, 'இந்தச் சூழலில் அவர்கள் என்ன சொல்வார்கள்?' என்று கேளுங்கள். முதல் கேள்வியில் பத்து வாக்கியம் எழுதச் சொன்னது இதற்காகத்தான். கட்டிகள் நூறு சேர்ந்த பிறகு யோசனை எந்த மொழியில் ஓடுகிறது என்ற கவலையே உங்களுக்கு இருக்காது.

உடனே பயன்படுற மாதிரி சில ஃப்ரேஸ் சொல்லுங்களேன்?

முதலில் பேச்சு அறுந்துபோகாமல் காப்பாற்றுகிறவை. காதில் சரியாக விழவில்லை என்றால் 'சாரி, ஐ டிடின்ட் கேட்ச் தட்'. இன்னொரு முறை சொல்லச் சொல்ல 'குட் யூ சே தட் அகேன்?'. சொல் தெரியாவிட்டால் 'வாட் டஸ் தட் மீன்?', அல்லது நீங்கள் தேடும் சொல்லைச் சுற்றி வளைத்து 'இட்ஸ் எ கைண்ட் ஆஃப்' என்று ஆரம்பித்து விவரிப்பது. யோசிக்க நேரம் வேண்டுமென்றால் 'லெட் மீ திங்க்'. இந்த ஐந்தும் இருந்தால் எந்த உரையாடலிலும் இறங்கலாம், மூழ்கமாட்டீர்கள்.

அப்புறம் ஒட்டுச் சொற்கள். 'அது பொறுத்தது' என்பதற்கு 'இட் டிபெண்ட்ஸ்', 'உன் இஷ்டம்' என்பதற்கு 'இட்ஸ் அப் டு யூ', 'பரவாயில்ல, விடு' என்பதற்கு 'நெவர் மைண்ட்', 'ஆமா, கேக்கணும்னு நெனச்சேன்' என்று பேச்சைத் திருப்புவதற்கு 'பை த வே', 'எனக்குத் தெரிஞ்ச வரைக்கும்' என்பதற்கு 'ஆஸ் ஃபார் ஆஸ் ஐ நோ'. இவற்றைப் பிரித்துப் பொருள் பார்க்காதீர்கள், அப்படியே விழுங்குங்கள்.

'ஹவ் ஆர் யூ'ன்னு கேட்டா என்ன பதில் சொல்லணும்?

'குட், தேங்க்ஸ், அண்ட் யூ?' அவ்வளவுதான். அது பெரும்பாலும் வணக்கம் மாதிரி, மருத்துவ விசாரணை அல்ல. முதுகுவலி விவரமெல்லாம் நெருங்கியவர்களுக்கு.

நான் இங்கிலீஷ்ல பேசினா அதிகாரம் பண்ற மாதிரி இருக்காம். ப்ளீஸ் போட்டுத்தானே பேசறேன்?

தமிழில் மரியாதை வினையின் வாலில் இருக்கிறது. கொடு என்பதைக் கொடுங்க என்றதும் வேலை முடிந்தது. ஆங்கில வினைக்கு அந்த வால் இல்லை, 'கிவ்' எப்போதும் 'கிவ்'தான். அதனால் அவர்கள் கட்டளையைக் கேள்வியாக மாற்றி மரியாதை காட்டுகிறார்கள். 'கிவ் மீ த ஃபைல், ப்ளீஸ்' என்பது ப்ளீஸ் போட்ட கட்டளை. 'குட் யூ கிவ் மீ த ஃபைல்?' என்பது வேண்டுகோள். 'ஐ வான்ட்' என்பதற்குப் பதில் 'ஐட் லைக்', 'யூ ஆர் ராங்' என்பதற்குப் பதில் 'ஐ'ம் நாட் ஷுர் அபௌட் தட்'. கடைசியில் சொன்னது, நீங்கள் சொல்வது தப்பு என்பதன் நாகரிக வடிவம், நிஜமான சந்தேகம் என்று நினைத்து விளக்கம் கொடுக்க ஆரம்பித்துவிடாதீர்கள்.

'யூ டிடின்ட் கோ?'ன்னு கேட்டா, போகலைன்னா எஸ்ஸா நோவா?

நோ. இதில் நானே அடி வாங்கியிருக்கிறேன். எனக்கு வரவேண்டிய ஒரு பொருள் வரவில்லை என்று தொலைபேசியில் புகார் சொன்னேன். 'யூ ஹேவன்ட் ரிசீவ்ட் இட்?' என்று கேட்டார்கள், 'எஸ், எஸ்' என்று அழுத்திச் சொன்னேன். வந்துவிட்டது என்று எழுதிப் புகாரை மூடிவிட்டார்கள்.

'நீ போகலையா?' என்றால் தமிழில் 'ஆமா, போகல' என்போம். நம் ஆமாம் கேட்டவர் சொன்னதை ஒப்புக்கொள்கிறது. ஆங்கில எஸ், நோ இரண்டும் கேள்வி எந்த வடிவத்தில் வந்தது என்பதைப் பார்ப்பதில்லை, நடந்ததைத்தான் பார்க்கின்றன: நடந்தது என்றால் எஸ், நடக்கவில்லை என்றால் நோ. பாதுகாப்பான வழி, பின்னாலேயே வாலையும் சேர்த்துச் சொல்வது: 'நோ, ஐ டிடின்ட்', 'எஸ், ஐ டிட்'. வால் சரியாக இருந்தால் தலை தவறினாலும் புரிந்துகொள்வார்கள்.

இதன் அண்ணன் ஒருவன் இருக்கிறான்: 'டூ யூ மைண்ட் இஃப் ஐ சிட் ஹியர்?' உங்களுக்கு ஆட்சேபணை உண்டா என்று கேட்கிறார். தாராளமாக உட்காரட்டும் என்று நினைத்து எஸ் சொன்னால், உட்காராதே என்று ஆகிவிடும். 'நோ, நாட் அட் ஆல்' என்று சொல்லுங்கள், அல்லது எஸ் நோ இரண்டையும் தவிர்த்து 'கோ அஹெட்'.

தமிழ்ல கலந்து பேசுற இங்கிலீஷ் வார்த்தையை அப்படியே இங்கிலீஷ்ல பேசலாம்தானே?

சில சொற்கள் ஏமாற்றும் என்று முதலிலேயே சொன்னேனே, அவை இவைதான். நம் வீட்டுக்கு வந்த பிறகு அவற்றின் குணம் மாறிவிட்டது. 'ஃபீல் பண்ணாதே' என்றால் நமக்கு வருத்தப்படாதே. ஆங்கிலத்தில் 'டோன்ட் ஃபீல்' என்றால் எதை என்று தொங்கும், 'டோன்ட் ஃபீல் பேட்' என்று முடிக்க வேண்டும். 'கரண்ட் போச்சு' என்பதற்கு 'த பவர்ஸ் அவுட்'. சாப்பிடுகிற இடத்தை ஹோட்டல் என்றால் அவர்கள் தங்குகிற அறையை நினைப்பார்கள், அதற்கு ரெஸ்டரன்ட். 'ஐ ஹேவ் எ டவுட்' என்றால் எனக்கு உங்கள் மேல் நம்பிக்கை குறைவு என்பது போலத் தொனிக்கும். கேட்க ஒன்று இருக்கிறது என்றால் 'ஐ ஹேவ் எ கொஸ்டின்'. படிப்பை முடித்ததைப் 'பாஸ்ட் அவுட்' என்றால் பல நாட்டுக்காரர்களுக்கு மயங்கி விழுந்த கதை, அதற்கு 'கிராஜுவேட்டட்'. கூட்டத்தை முன்கூட்டியே வைப்பதற்கு நாம் சொல்லும் ப்ரிபோன் நல்ல சொல், எனக்குப் பிடித்த சொல்லும்கூட, ஆனால் தெற்காசியாவுக்கு வெளியே பலர் அதைக் கேட்டதில்லை. 'மூவ் இட் அப்' என்றால் புரியும்.

இன்னொரு கெட்ட பழக்கம் 'பண்ணு'. யூஸ் பண்ணு, மிஸ் பண்ணு, கால் பண்ணு என்று எந்த ஆங்கிலச் சொல்லின் பின்னாலும் பண்ணு போட்டுவிடுவதால், யூஸ், மிஸ், கால் எல்லாம் தாமாகவே வினைகள் என்பது மறந்துபோகிறது. அதனால்தான் 'ஐ வில் டூ கால்' என்கிறார்கள். 'ஐ வில் கால்' போதும். அதே போல 'டிஸ்கஸ் அபௌட்' என்பதில் அபௌட் வேண்டாம், 'ரிடர்ன் பேக்' என்பதில் பேக் வேண்டாம்.

கெட் அப், கெட் ஓவர், புட் ஆஃப், புட் அப் வித்... இதெல்லாம் எப்படி ஞாபகம் வச்சுக்கிறது?

இதை அநியாயம் என்று பலர் சொல்வார்கள், அப்போது ஒன்று கேட்பேன். காட்டு தெரியும், கொடு தெரியும். இரண்டும் சேர்ந்த காட்டிக்கொடு எப்படித் துரோகம் ஆனது? கண்டு, பிடி இரண்டும் சேர்ந்து கண்டுபிடி. விட்டுக்கொடு, பார்த்துக்கொள், ஒத்துப்போ, தமிழ் கற்கிற ஒருவர் இதையெல்லாம் பார்த்துத் தலையில் கைவைத்துக்கொள்வார். நாம் எப்படிக் கற்றோம்? ஒவ்வொன்றையும் தனிச் சொல்லாக, பேச்சின் நடுவில். அதே வழிதான். புட் ஆஃப் என்பது தள்ளிப்போடு, புட் அப் வித் என்பது பொறுத்துக்கொள், லுக் ஆஃப்டர் என்பது பார்த்துக்கொள், லுக் ஃபார் என்பது தேடு, கெட் ஓவர் என்பது ஒன்றிலிருந்து மீண்டுவா. ஒரே நாளில் 'புட்' குடும்பம் முழுவதையும் படிக்காதீர்கள், ஒன்றோடொன்று கலந்துவிடும். வாரத்துக்கு இரண்டு, வெவ்வேறு குடும்பத்திலிருந்து.

போஸ்ட்போன், டாலரேட் என்ற சொற்களைத்தானே பள்ளியில் சொல்லித்தந்தார்கள் என்றால், அவை தப்பில்லை, எழுத்தில் நன்றாக இருக்கும். பேச்சில் 'லெட்ஸ் புட் இட் ஆஃப்' என்பதுதான் இயல்பு. கூடவே வெறும் கெட்டையும் கவனியுங்கள்: 'ஐ காட் எ லெட்டர்' கிடைத்தது, 'இட்ஸ் கெட்டிங் லேட்' ஆகிறது, 'வென் டிட் யூ கெட் ஹோம்?' போய்ச் சேர்வது, 'ஐ டோன்ட் கெட் இட்' புரியவில்லை.

இடியம்ஸ் நிறைய படிச்சா ஃப்ளூயன்சி வருமா?

வராது. மழைக்குப் 'பூனையும் நாயும்' கொட்டுவதை எல்லாருக்கும் சொல்லித்தருகிறார்கள், சாதாரணப் பேச்சில் அதைச் சொல்பவர் அபூர்வம். 'இட்ஸ் போரிங்' என்று தமிழ் எழுத்தில் ஏமாற்றும் இன்னொரு சொல்தான் வழக்கம், சலிப்பு என்ற சொல் அல்ல, ஊற்றுகிறது என்று பொருள்படும் சொல். கேட்டால் புரிகிற அளவுக்கு இடியம் தெரிந்தால் போதும், நீங்களாக எடுத்து வீச வேண்டாம்.

'நீ எத்தனையாவது பிள்ளை?'ன்னு இங்கிலீஷ்ல எப்படிக் கேக்கிறது?

நேராகக் கேட்க முடியாது. ஆங்கிலத்தில் 'எத்தனை'க்கு ஹவ் மெனி உண்டு, 'எத்தனையாவது' என்பதற்கு ஒரு சொல் கிடையாது. வேடிக்கை என்னவென்றால் பதில் இருக்கிறது, ஃபர்ஸ்ட், செகண்ட், தர்ட் என்று. கேள்விதான் இல்லை. ஆகவே சுற்றித்தான் போக வேண்டும்: 'ஆர் யூ தி எல்டஸ்ட்?' என்று ஊகித்துக் கேட்கலாம், அல்லது 'வேர் டூ யூ கம் இன் த ஃபேமிலி?'. எத்தனையாவது மாடி என்பதற்கு 'விச் ஃப்ளோர்'. லிங்கன் எத்தனையாவது அதிபர் என்பதற்கு 'வாட் நம்பர் பிரசிடென்ட் வாஸ் லிங்கன்?' என்று சமாளிக்கிறார்கள், பதில் சிக்ஸ்டீன்த். அவர்களிடம் இல்லாததைத் தேடி நீங்கள் திணறியிருந்தால் அது உங்கள் குறை இல்லை.

பிரிட்டிஷா, அமெரிக்கனா, எதைப் படிக்கணும்?

நீங்கள் யாரோடு பேசப் போகிறீர்களோ அது. லிஃப்ட்டுக்கு எலிவேட்டர், ஃப்ளாட்டுக்கு அபார்ட்மென்ட், டார்ச்சுக்கு ஃப்ளாஷ்லைட், கியூவுக்கு லைன் என்று சொற்கள் மாறினாலும் ஒருவருக்கொருவர் புரிந்துகொள்கிறார்கள். கவனிக்க வேண்டியது மாடிக் கணக்குதான். பிரிட்டனில் ஃபர்ஸ்ட் ஃப்ளோர் என்றால் தரைத்தளத்துக்கு மேலே, அமெரிக்காவில் தரைத்தளமே ஃபர்ஸ்ட் ஃப்ளோர்.

படிச்சா புரியுது. அவங்க பேசினா ஒண்ணும் புரியல, வேகமா பேசறாங்களோ?

வேகம் பாதிதான் காரணம். சொற்களை ஒட்டிப் பேசுகிறார்கள். 'கோயிங் டு' என்பது 'கனா' ஆகிறது, 'வான்ட் டு' என்பது 'வானா', 'டிட் யூ' என்பது 'டிஜு', 'லெட் மீ' என்பது 'லெமி'. நாமும் 'வந்துகொண்டிருக்கிறேன்' என்று எழுதிவிட்டு 'வந்துட்ருக்கேன்' என்றுதானே பேசுகிறோம். எழுத்துத் தமிழ் மட்டும் படித்தவர் அதைக் கேட்டு எப்படி முழிப்பாரோ அப்படித்தான் நாம் முழிக்கிறோம்.

ஒரு நிமிட ஒலித்துண்டு ஒன்றை எடுத்து, எழுத்து வடிவத்தைப் பார்க்காமல் மூன்று முறை கேளுங்கள், கேட்டதை எழுதுங்கள், பிறகு எழுத்து வடிவத்தோடு ஒப்பிடுங்கள். விட்டுப்போனவை பெரும்பாலும் உங்களுக்கு நன்றாகத் தெரிந்த சின்னச் சொற்களாகவே இருக்கும். அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டு, அதே போல ஒட்டிச் சொல்லிப் பாருங்கள். ஒரு மணி நேரம் பின்னணியில் ஓடவிடுவதைவிட இந்தப் பத்து நிமிடம் மேல்.

ரெண்டு வருஷமா படிக்கிறேன், ஒரு அளவுக்கு மேல போகவே மாட்டேங்குது. இப்ப என்ன செய்ய?

புதுப் பட்டியல் தேடாதீர்கள். கைப்பேசியில் ஒலிப்பதிவை ஓடவிட்டு, இன்று நடந்ததை இரண்டு நிமிடம் ஆங்கிலத்தில் சொல்லுங்கள். சொல் வராத இடத்தில் நிற்காமல் தமிழ்ச் சொல்லையே போட்டுக்கொண்டு போங்கள். பிறகு கேட்டு, அந்தத் தமிழ்ச் சொற்களை மட்டும் எழுதுங்கள். முதல் கேள்வியில் சொன்ன பத்து வாக்கியப் பயிற்சியின் அடுத்த கட்டம் இது, வாரம் ஒரு முறை போதும்.

இதைச் செய்து பார்த்த ஒருவர் தனக்குப் பெரிய பெரிய சொற்கள் தெரியவில்லை என்றுதான் நினைத்திருந்தார். ஆறு பதிவுகள் கழித்து அவர் பட்டியலைப் பார்த்தால் எல்லாம் 'அதுக்குள்ள', 'எப்படியும்', 'நல்ல வேளை', 'வேணும்னே'. 'அதுக்குள்ள வந்துட்டியா?' என்பதில் ஆல்ரெடி, எப்படியும் என்பதற்கு எனிவே, நல்ல வேளைக்கு லக்கிலி, வேண்டுமென்றே என்பதற்கு 'ஆன் பர்ப்பஸ்'. நான்கும் அவர் பலமுறை படித்துப் பொருள் புரிந்துகொண்ட சொற்கள், ஒரு முறைகூட வாயால் சொல்லியிராத சொற்கள். அடுத்த பதிவில் நான்கையும் வலிந்து நுழைத்துப் பேசினார், கேட்கக் கொஞ்சம் செயற்கையாகத்தான் இருந்தது. மூன்றாவது வாரம் ஆன் பர்ப்பஸ் தானாக வந்தது.